ஆங்கிலேயருக்கான கையேட்டை வைத்துத் தமிழர் இத்தாலிய உச்சரிப்பைக் கற்கலாமா?

குன்னூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே, தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு சிற்றூரில், அண்டை வீட்டார் கறக்கும் பாலை வாங்கிச் சிறிய அளவில் சீஸ் செய்து விற்று வருகிறேன். வருகிற ஏப்ரலில் இத்தாலியின் மொடேனா நகருக்கு அருகே உள்ள ஒரு சீஸ் பட்டறையில் ஆறு வாரம் தங்கி வேலை பழக எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அங்கே ஆங்கிலம் அறிந்தவர் எவரும் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான்கு மாதங்களாக, ஆங்கிலம் பேசுவோருக்கென்று எழுதப்பட்ட ஓர் உச்சரிப்புக் கையேட்டை வைத்து நானே படித்து வருகிறேன். சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு, பால் காயும் நேரத்தில் அதைப் பார்த்து உரக்கச் சொல்லிப் பழகுவது என் வழக்கம்.

சென்ற மாதம் எங்கள் ஊரில் தங்கியிருந்த ஓர் இத்தாலிய முதிய தம்பதியர் என் பட்டறைக்கு வந்தார்கள். அந்த அம்மையார் ரிக்கோட்டா சீஸைச் சுவைத்துப் பார்த்து, வேண்டும் என்று தலையசைத்தார். எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்காக, நோட்டில் எழுதியிருந்தபடியே "குவாந்தோ?" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு "தொமானி, தொமானி மத்தீனா" என்றார். நாளை, நாளைக் காலை என்று அதற்குப் பொருள் என்பது எனக்குத் தெரியும். கால் கிலோ, அரைக் கிலோ என்று ஏதாவது ஓர் அளவைச் சொல்வார் என்று தராசுத் தட்டின் மேல் கிண்ணத்தை வைத்துக் காத்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதே விடை. வணக்கம் சொல்லிவிட்டுப் போன இருவரும், மறுநாள் காலை எட்டு மணிக்குப் பனி விலகுமுன்னே வாசலில் வந்து நின்றார்கள்.

பால் என்பதற்குரிய சொல்லும் அவ்வாறே ஆயிற்று. "லாட்டே" என்று நான் சொன்னதை அவர்கள் காபியின் பெயராக எடுத்துக்கொண்டார்கள், பால் கேனைத் தொட்டுக் காட்டிய பிறகே "லத்தெ!" என்று மகிழ்ச்சியோடு திருத்தினார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. க, த, ப ஒலிகளை மூச்சு விடாமல் சொல்ல வேண்டும் என்றும், உதட்டின் முன்னால் மெல்லிய தாளைப் பிடித்து அது அசையாத வரை பழக வேண்டும் என்றும் கையேட்டில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. ஒரு வாரம் செய்தேன். முதல் நாளிலிருந்தே தாள் அசையவில்லை. நான் பயிற்சியைத் தவறாகச் செய்கிறேனா, அல்லது அந்தப் பயிற்சியே எனக்குத் தேவையில்லையா? ஆங்கிலேயருக்கான இந்தக் கையேட்டை நான் நம்பலாமா, தமிழிலிருந்து நேரே இத்தாலியத்துக்குப் போக ஒரு வழி உண்டா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


கடலோரச் செவிலி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் கோத்தகிரியில் பிறந்தவள். பதினோர் ஆண்டுகளாக இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் முதியோர் இல்லமொன்றில் செவிலியாகப் பணிபுரிகிறேன். உங்கள் வாசலில் அந்தத் தம்பதியர் மறுநாள் வந்து நின்றதற்குக் காரணம், நீங்கள் "எவ்வளவு?" என்று கேட்காமல் "எப்போது?" என்று கேட்டதே. அவர்கள் உங்கள் கேள்விக்குச் சரியான விடையைத்தான் தந்திருக்கிறார்கள்.

இத்தாலியத்தில் இவ்விரண்டு கேள்விச் சொற்களுக்கும் இடையே ஒரே ஒலிதான் வேறுபாடு. "எவ்வளவு" என்பதில் னகரத்துக்குப் பின் வருவது "தலை" என்பதன் முதலில் வரும் வன்மையான த. "எப்போது" என்பதில் வருவது "பந்து", "சந்தை" ஆகியவற்றில் வரும் அதிர்வுள்ள த. நோட்டில் "ந்த" என்று எழுதிவிட்டால் தமிழ் நாக்கு பந்து என்பதைப் போலத்தான் படிக்கும். வேறு விதமாகப் படிக்க அதற்கு வழியே இல்லை. தாந்தே என்று நாம் எழுதும் கவிஞரின் பெயரும், அந்தோணி என்று நாம் அழைக்கும் புனிதரின் பெயரும் இப்படி மென்மையாகிப் போனவையே. இரண்டிலும் இத்தாலியர் சொல்வது வன்மையான தகரம்.

இதை எப்படிப் பழகுவது என்று நான் பல நாள் தவித்த பிறகு எனக்குக் கிடைத்த வழியைச் சொல்கிறேன். "கம்பு" என்று சொல்லுங்கள். பிறகு "கம்பெனி" என்று சொல்லுங்கள். இரண்டிலும் நாம் எழுதுவது அதே "ம்ப" தான். ஆனால் தேயிலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும் எவரும் அந்தப் பகரத்தைக் கம்பில் வருவதைப் போலச் சொல்வதில்லை. தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால், கம்பில் அதிர்வு இடைவிடாமல் தொடர்வதும், கம்பெனியில் பகரத்தின் போது ஒரு நொடி அறுந்து மீண்டும் தொடங்குவதும் நன்றாகத் தெரியும். "கம்பெனி"யில் மகரத்துக்குப் பின் என்ன செய்கிறீர்களோ, அதையே னகரத்துக்குப் பின் தகரத்தில் செய்யுங்கள். இருபது, நூறு என்ற எண்களிலும் இதே சேர்க்கை வருகிறது. விலை பேசுபவருக்கு இவை தினமும் வேண்டும்.

பால் என்ற சொல்லில் நீங்கள் செய்தவை இரண்டு பிழைகள், இரண்டுமே ஆங்கிலம் வழியாக வந்தவை. இத்தாலியரின் தகரம் பல்லில் நாக்கு பட்டுப் பிறப்பது. நம் "கத்தி"யில் வருவது அதுவே. ஆங்கிலேயரின் அதற்கு இணையான ஒலி பல்லுக்குச் சற்று மேலே பிறப்பதால் நாம் அதை டகரமாகக் கேட்டுப் பழகிவிட்டோம். பிறகு இத்தாலியச் சொற்களையும் டகரத்தால் எழுதிவிடுகிறோம். நாட்டின் பெயரை "இத்தாலி" என்று தகரமிட்டு எழுதும் நாம், அந்நாட்டுச் சீஸை மட்டும் "ரிக்கோட்டா" என்று எழுதுவானேன்? அதுவும் "ரிகொத்தா" தான். இரண்டாவது பிழை முதல் உயிரை நீட்டியது. இரட்டை மெய்க்கு முன்னால் வரும் உயிர் குறுகியே ஒலிக்கும்.

தாள் பயிற்சியை விட்டுவிடுங்கள். ஆங்கிலேயருக்குச் சொல்லின் முதலில் வரும் க, த, ப ஒலிகளோடு மூச்சும் சேர்ந்து வெடிக்கும். அதை அடக்கத்தான் அவர்களுக்குத் தாள். தமிழருக்கு அந்த மூச்சு இயல்பாகவே இல்லை.

ஒன்றை மட்டும் மனம் வருந்திச் சொல்கிறேன். நான் இங்கு வந்த முதல் ஆண்டில், படுக்கையில் இருந்த ஒரு பெரியவர் மாலை ஐந்து மணி அளவில் "ஒ ஸேத்தெ" என்றார். ஏழு என்பதற்குரிய "ஸெத்தெ" என்று நான் எடுத்துக்கொண்டு, ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அவர் சொன்னது "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்பது. திரும்பி வந்தபோது உலர்ந்த உதட்டை நாவால் தடவிக்கொண்டிருந்தார். தமிழில் இரண்டையும் "த்தெ" என்றே எழுத நேர்ந்தாலும், நீண்ட உயிரும் ஒற்றை மெய்யும் வந்தால் தாகம். குறுகிய உயிரும் இரட்டை மெய்யும் வந்தால் ஏழு. அன்றிலிருந்து நான் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்ததில்லை.


கட்டபெட்டு இளைஞர் எழுதியது:

அக்கா, என் தாய்மொழி படுகு. எங்கள் மொழியில் வன்மையான தகரமும் அதிர்வுள்ள தகரமும் தனித்தனி ஒலிகள். மாற்றிச் சொன்னால் சொல்லே மாறிவிடும். ஆகவே செவிலி அக்கா சொன்ன அந்த இரண்டு கேள்விச் சொற்களையும் நான் சொல்லிப் பார்த்தபோது எனக்கு இடர்ப்பாடு இருக்கவில்லை. உங்கள் நோட்டைக் கன்னட எழுத்தில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அதில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்துகள் இருக்கின்றன. எகர ஒகரங்களுக்குக் குறிலும் நெடிலும் உண்டு. உங்களுக்குக் கன்னட எழுத்துத் தெரியாவிட்டால், குழம்பும் சொற்களை மட்டும் நான் எழுதித் தருகிறேன்.


மாத்திரை, உதகை எழுதியது:

அன்புள்ள அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். பணி ஓய்வுக்குப் பின் இத்தாலியத்தைக் கற்றுக்கொண்டேன். அதற்குத் தூண்டுகோல் வீரமாமுனிவர். 1680இல் கஸ்திலியோனே தெல்லெ ஸ்திவியெரெ என்ற இத்தாலிய ஊரில் பிறந்த அவருடைய இயற்பெயரின் கடைசிப் பகுதியைத் தமிழர் அனைவரும் "பெஸ்கி" என்றே சொல்கிறோம். ஆங்கிலப் பழக்கத்தில் அந்த எழுத்துகளைப் படித்தால் "பெஷி" என்றோ "பெஸ்சி" என்றோதான் வாய் போகும். அவர் பெயர் நமக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. நீங்கள் போகவிருக்கும் ஊரிலிருந்து அவர் பிறந்த மாந்தொவா மாவட்டம் தொலைவில் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நம் மொழியைக் கொண்டே இத்தாலிய ஒலியைப் பிடிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலேயருக்கான கையேடுகள் மிகவும் பாடுபட்டுக் கற்பிக்கும் ஒன்று இரட்டை மெய். அவர்கள் எழுத்தில் இரண்டு மெய் இருந்தாலும் வாயில் ஒன்றே ஒலிக்கும். நமக்கோ "கனி" வேறு, "கன்னி" வேறு. "குளம்" வேறு, "குள்ளம்" வேறு. "அமை" வேறு, "அம்மை" வேறு. மழலையர் கூட இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. இந்தக் காது உள்ளவருக்கு "நோனொ" என்றால் ஒன்பதாவது, "நொன்னொ" என்றால் தாத்தா என்பதும், "காஸ" என்றால் வீடு, "கஸ்ஸ" என்றால் கடையில் பணம் செலுத்தும் இடம் என்பதும், "பால" என்றால் மண்வெட்டி போன்ற கருவி, "பல்ல" என்றால் பந்து என்பதும் ஒரு நாளில் பழகிவிடும்.

இதில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது நம் இலக்கணம். "காஸ" என்பதை அசை பிரித்தால் நேர் நேர்; "கஸ்ஸ" என்பதும் நேர் நேர்; இரண்டும் தேமாவே. அழுத்தம் பெறும் அசை சொல்லின் ஈற்றில் இல்லாதபோது, இத்தாலியர் அதை ஒன்று நெடிலாக நீட்டுவார்கள், அல்லது குறிலை ஒரு மெய்யால் தாங்குவார்கள். தனிக்குறிலாக அதை விட்டுவிட்டு, "கஸா" என்று நிரையசையாகச் சொல்வது அவர்கள் காதுக்குப் பொருந்தாது. வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

உயிர்களைப் பற்றிக் கையேடு சொல்வதைக் கவனமாக விலக்குங்கள். ஆங்கிலேயர் ஏகாரத்தைத் தொடங்கி "ஏய்" என்றும், ஓகாரத்தைத் தொடங்கி "ஓவ்" என்றும் வழுக்கி முடிப்பார்கள். அதனால் அவர்களுக்குக் கையேடு தரும் ஒப்புமைச் சொற்கள் அனைத்தும் அந்த வழுக்கலோடு வருகின்றன. நம் ஏயும் ஓவும் தொடங்கிய இடத்திலேயே நிற்பவை. இத்தாலியத்துக்கு வேண்டியது அதுவே. அதே சமயம் நம்மிடமும் ஒரு குறை உண்டு. தமிழ் வழக்கில் சொற்கள் குறில் எகரத்திலும் குறில் ஒகரத்திலும் முடிவதில்லை. ஆகையால் இத்தாலியச் சொல்லின் ஈற்றை நாம் நம்மையறியாமல் நீட்டி, "லத்தே", "மஸ்கர்போனே" என்கிறோம். ஈற்றை நீட்டினால் அழுத்தம் அங்கே நகர்ந்துவிட்டதாகக் கேட்பவர் எண்ணுவார். "பாப்ப" என்று முதலை நீட்டினால் திருத்தந்தை. "பப்பா" என்று ஈற்றை அழுத்தினால் அப்பா. ஆகவே "லத்தெ", "மஸ்கர்போனெ" என்று கடைசி உயிரைக் குறுக்குங்கள்; ஆனால் ஆங்கிலேயர் சிலர் செய்வதைப் போல அதை விழுங்கிவிடாதீர்கள்.

இனி நம் மொழி நம்மைத் தடுக்கும் இடத்துக்கு வருகிறேன். செவிலி அம்மா சொன்ன பந்து, சந்தை பற்றிய விளக்கம் முற்றிலும் சரி. மெல்லினத்தின் பின்னால் வல்லினம் தன் வன்மையோடு நிற்கத் தமிழ் இடம் தருவதில்லை. அன்பு, பண்பு, சங்கு, மஞ்சள், தம்பி என எதை எடுத்தாலும் வல்லினம் மெலிந்தே ஒலிக்கும். அதன் வன்மையைக் காக்க வேண்டுமானால் முன்னிற்கும் மெல்லினமே மாறிக்கொள்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆவது அதனால்தான். இத்தாலியத்தில் அப்படியில்லை. ஆகவே "கம்பெனி"யைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையை நானும் வழிமொழிகிறேன்.

இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினமும் இதைப் போன்றதே. "அகம்", "அது", "தபால்" ஆகியவற்றில் நாம் க, த, ப ஒலிகளைத் தளர்த்திவிடுகிறோம். "ரிகொத்த" என்பதில் உள்ள ககரத்தை "அகம்" போலத் தளர்த்தினால் இத்தாலியருக்கு அது வேறு எழுத்து. "கல்" என்பதன் ககரத்தை அப்படியே நடுவில் வையுங்கள். நெடிலுக்குப் பின் வரும்போது "பேப்பர்" என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இரண்டு பகரம் இருந்தாலும், நெடிலுக்குப் பின் வருவதால் நாம் அதில் நின்று அழுத்துவதில்லை. இலேசாகத் தொட்டுவிட்டுப் போகிறோம். மிளகுக்கு அவர்கள் சொல்லும் "பேப்பெ" அந்த அளவில் ஒலிக்க வேண்டும். "அப்பம்" என்பதில் உள்ள அளவுக்கு நின்றால் அது இரட்டை மெய்.

ரகரத்தில் உங்களுக்குக் கவலை வேண்டாம். ஒற்றை ரகரம் நம் "மரம்" போல. இரட்டை வந்தால் நுனிநாக்கைப் பலமுறை அதிரவிட வேண்டும். "காரொ" என்றால் அன்புக்குரிய, "கர்ரொ" என்றால் வண்டி. நம் மலையிலேயே தோடர்கள் பேசும் மொழியில் மூன்று இடங்களில் பிறக்கும் அதிரும் ரகரங்கள் தனித்தனிப் பொருள் தருகின்றன என்பதை நினைக்கும்போது, இத்தாலியர் கேட்பது மிகக் குறைவே. அந்தத் தோடர்களை 1603இல் மலையேறி வந்து கண்டு எழுதி வைத்த ஏசு சபைத் துறவியும் ஓர் இத்தாலியரே. அவர் பெயரை ஆங்கிலப் பழக்கத்தில் "ஜியாகோமோ ஃபெனிசியோ" என்று படிக்கிறார்கள். "ஜாகொமொ ஃபெனீச்சொ" என்பதே ஒலி. அங்கே எழுதப்படும் இகரம் ஜகரத்தையும் சகரத்தையும் காட்டுவதற்காக மட்டுமே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "வீட்டுக்குப் போ" என்பதில் நாம் ஒற்று மிகச் சொல்கிறோம் அல்லவா? இத்தாலியத்திலும் சில சிறு சொற்களுக்குப் பின் அடுத்த சொல்லின் முதல் மெய் இரட்டிக்கும். "வீட்டுக்கு" என்று பொருள்படும் "அ காஸ" பேச்சில் "அக்காஸ" என்று ஆகிவிடுகிறது. "உண்மையாகவே" என்பதற்குரிய "தவ்வேரொ" என்ற சொல்லில் இந்த மிகுதல் எழுத்திலேயே நிலைத்துவிட்டது. வலிமிகும் இடங்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய எனக்கு, இதைப் படித்த அன்று இரவு உறக்கம் வரவில்லை.


கடலோரச் செவிலி எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. தாகத்துக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேமாவில் பார்க்கலாம் என்பது எனக்குப் புதிது. ஒரே ஒரு சேர்க்கை: சொற்களுக்கு இடையே மெய் இரட்டிப்பது ரோமிலும் அதற்குத் தெற்கிலும் தொஸ்கானாவிலும் கேட்கும், நான் இருக்கும் வடக்கிலும், அக்கா போகும் ஊரிலும் பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே அதை இப்போது பழக வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரையும் திருத்திக்கொள்ளுங்கள் அக்கா. அது மொடேனா அன்று. முதல் அசையை நீட்டி "மோதென" என்று சொல்ல வேண்டும். தகரம் "பந்து"வில் உள்ளது. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கேட்கும்போது இது உதவும்.


ஏரிக்கரை ஆசிரியை, கொடைக்கானல் எழுதியது:

கையேட்டை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். ஒலியைச் சொல்லிக்கொடுக்கும் பகுதிகள் ஆங்கில வாய்க்காக எழுதப்பட்டவை என்பது உண்மை. ஆனால் எந்த எழுத்தை எப்படிப் படிப்பது என்ற பகுதி நமக்கும் அப்படியே பொருந்தும். ஏனென்றால் உரோமன் எழுத்தை நாமும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்றோம். ஆங்கிலேயர் தடுக்கி விழும் இடத்திலேயே நாமும் விழுகிறோம். சி என்ற எழுத்து, எகர இகரங்களுக்கு முன் வந்தால் "பச்சை"யில் உள்ள சகரம், மற்ற இடங்களில் ககரம். இடையில் ஹெச் வந்தால் அது ஒலிக்காது. மாறாக, எகர இகரங்களுக்கு முன்பும் ககரத்தைக் காத்து நிற்கும். ரொட்டியைச் சுட்டுப் பூண்டு தடவிய பண்டத்தை நம் ஊர் உணவகங்களில் "புருஷெட்டா" என்று கேட்கிறார்கள்; அது "புருஸ்கெத்த". ஐயா சொன்ன பெஸ்கியும் இதே விதி. ஜி எழுத்துக்கும் இவ்விதியே, சகரத்துக்குப் பதிலாக ஜகரம். ஜி, என் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் "ஞ்ஞ", அது தமிழருக்கு இலவசமாகக் கிடைத்தது. இஸட் எழுத்தைப் பல சொற்களில் தகரமும் ஸகரமும் ஒட்டியதாகச் சொல்லுங்கள்: "மொத்ஸரெல்ல".

எங்கள் ஏரிக்கரையில் எனக்கு நெருக்கமான பெயர் ஒன்றைச் சொல்கிறேன். 1940களின் முற்பகுதியில், போர் நடந்த காலத்தில், கொடைக்கானலில் வாழ்ந்த கல்வியாளர் மரியா மொன்தெஸ்ஸோரி. அவர் வழியில் சிறுவர்க்குக் கற்பிக்கும் நானே நெடுங்காலம் "மாண்டிசோரி" என்றுதான் சொல்லி வந்தேன். முதல் உயிர் மாறிவிட்டது, தகரம் டகரமாகி மெலிந்துவிட்டது, எகரம் இகரமாயிற்று, இரட்டை ஸகரம் ஒன்றாகச் சுருங்கிற்று. இப்போது பெற்றோரிடம் பேசும்போது அவர் பெயரை அவர் சொல்லியிருக்கக்கூடிய விதத்திலேயே சொல்கிறேன். சிலர் திகைத்தாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

அழுத்தம் பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்திய அசையில் விழும். "மோதென", "நாப்பொலி", மேசை என்பதற்குரிய "தாவொல" ஆகியவற்றைப் போல அதற்கும் முந்திய அசையில் விழுவனவும் நிறைய உண்டு. எழுத்தில் குறி இடுவது பொதுவாகக் கடைசி அசையில் விழும்போது மட்டுமே. ஆகவே புதுச்சொல் ஒவ்வொன்றையும் காதால் கேட்டு, நீளும் அசையின் கீழே கோடிட்டு எழுதி வையுங்கள்.


குன்னூர் வாசகி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நோட்டை முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். கட்டபெட்டுத் தம்பி நேற்று வந்து பதினெட்டுச் சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதி, ஒவ்வோர் எழுத்தையும் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். தொண்டையில் விரலை வைத்து "கம்பு, கம்பெனி, குவன்தொ" என்று சொல்லிப் பார்த்தேன். முதலில் தகரத்துக்கு முன்னால் ஒரு சிறு நிறுத்தம் வந்தது. முப்பது நாற்பது முறை சொன்ன பிறகு நிறுத்தம் இல்லாமலே வருகிறது. ஊருக்குத் திரும்பிவிட்ட அந்த அம்மையாருக்குச் சொற்களைப் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்பினேன். எவ்வளவு, எப்போது இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி அனுப்பியதில், ஆறு முறையும் சரியாகக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்.

ஒரே ஓர் ஒலியில் மட்டும் அவர் தயங்கினார். ஜி, எல், ஐ என்ற மூன்று எழுத்தும் சேர்ந்து வரும் இடம். இலை என்பதற்கு அவர் சொன்ன சொல்லை நான் "ஃபொல்லியா" என்றேன். அது அன்று என்றார். தேயிலை நடுவே வாழ்பவளுக்கு இலை என்ற சொல்லாவது சரியாக வர வேண்டும். இதை எப்படிச் சொல்வது?


மாத்திரை, உதகை எழுதியது:

அம்மா, வீரமாமுனிவர் பிறந்த ஊரின் பெயரிலேயே இந்த ஒலி இருக்கிறது; "கஸ்திலியோனே" என்று நான் எழுதியது தமிழில் வேறு வழியில்லாமல் எழுதியது. தமிழில் இதற்கு எழுத்தில்லை, ஆனால் அது பிறக்கும் இடம் நமக்குத் தெரியும். "ஞாயிறு" என்று சொல்லத் தொடங்கி, ஞகரத்திலேயே நாக்கை நிறுத்துங்கள். நாவின் நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி இருக்க, நாவின் நடு அகலமாக மேலண்ணத்தில் படிந்திருக்கும். காற்று மூக்கு வழியே போகிறது. நாக்கை அசைக்காமல், இப்போது மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, லகரத்துக்கு விடுவதைப் போல நாவின் இரு ஓரங்களாலும் காற்றை விடுங்கள். நுனிநாக்கு மேலே எழும்பினால் அது "ல்ய" ஆகிவிடும். அதுதான் உங்களுக்கு நேர்ந்தது.

இரண்டு உயிர்களுக்கு நடுவே இந்த ஒலி எப்போதும் இரட்டித்தே வரும். ஆகவே முன்னால் உள்ள ஒகரத்தைக் குறுக்கி, நாக்கை அண்ணத்தில் ஒரு மாத்திரை நேரம் வைத்திருந்து, பிறகு நேரே அகரத்துக்குத் திறந்துவிடுங்கள். நடுவில் தனியாக ஓர் இகரம் கேட்கக்கூடாது.


ஏரிக்கரை ஆசிரியை, கொடைக்கானல் எழுதியது:

ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன், வருகிறது. எங்கள் மலையில் விளையும் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டுக்கு இத்தாலியத்தில் வழங்கும் சொல்லிலும் இதே ஒலிதான், அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே வேறொன்றும் இல்லாமல் தனித்து நிற்கிறது. இலையைவிட அதில் முதலில் பழகுவது எளிது சகோதரி. அது வந்த பிறகு இரண்டு உயிர்களையும் இடம் மாற்றி, முன்னால் ஃபகரத்தைச் சேர்த்து இலைக்குப் போங்கள்.


குன்னூர் வாசகி எழுதியது:

இன்று காலை பூண்டில் பழகினேன். மூக்கைப் பிடித்திருக்கும்போது சரியாக வருகிறது, விட்டதும் நுனிநாக்கு எழும்புகிறது. ஏப்ரலுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அடுத்த பதிவை அந்த அம்மையாருக்கு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிட்டு, அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.